இரட்டை இயங்குதளக் கணினி திறக்காவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் "திறக்கவில்லை, எல்லாம் போய்விட்டது" என்று வரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல், விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டுக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். நல்ல முடிவு. அதில் கோளாறு வரும்போது கையாளும் விதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

திறக்காமல் போவது வேறு, தரவு அழிந்துபோவது வேறு. என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை திறக்காமல் போனவைதான். பதற்றத்தில் எதையாவது செய்துவிடும்போதுதான் தரவும் அழிகிறது.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

விண்டோஸை மறுபடி நிறுவினேன். கணினி இப்போது நேராக விண்டோஸுக்குள் போகிறது. உபுண்டு இருந்த சுவடே இல்லை. கோப்புகள் அழிந்துவிட்டனவா?

நிறுவும்போது லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்துவைத்த தனிப்பகுதியை) நீங்களே தேர்ந்தெடுத்து அழிக்காத வரை, கோப்புகள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன.

இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ முறை இருக்கிறது. எந்த இயங்குதளத்தை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும். விண்டோஸை நிறுவினால் அது தன்னை அந்த வரிசையின் முதலிடத்தில் வைத்துக்கொள்ளும். ஈஎஃப்ஐ என்ற சிறிய பார்ட்டிஷனுக்குள் மைக்ரோசாஃப்ட்டின் கோப்புறைக்குப் பக்கத்திலேயே உபுண்டுவின் கோப்புறையும் இருக்கும். அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கணினியை எழுப்பும்போது பூட் பட்டியலை வரவழையுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9. ஆசஸ் மடிக்கணினியில் எஸ்கேப். பட்டியலில் உபுண்டு என்ற பெயர் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். திறந்துகொண்டால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புக்குள் போய் உபுண்டுவை வரிசையின் மேலே ஏற்றிவிட்டால் போதும்.

பழைய கணினிகளில் எம்பிஆர் முறை. டிஸ்கின் முதல் 512 பைட்டில் 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. விண்டோஸ் நிறுவி இந்த 446 பைட்டைத் தன் நிரலால் மாற்றி எழுதுகிறது. எந்த இயங்குதளம் வேண்டும் என்று பட்டியல் காட்டும் லினக்ஸின் துவக்க நிரலான கிரப் அங்கே காணாமல் போகிறது. லைவ் யுஎஸ்பியில் (டிஸ்கில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில்) எழுப்பி, பூட்-ரிப்பேர் என்ற மென்பொருளாலோ கிரப்-இன்ஸ்டால் கட்டளையாலோ அதைத் திரும்ப எழுதிவிடலாம். 446 பைட்டுக்காக 500 ஜிபி டிஸ்கையும் ஃபார்மட் செய்யச் சொல்பவர்களை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. அதில் ஒரு குடும்பத்தின் புகைப்படங்களும் ஒரு மாணவியின் ஆய்வேடும் இருக்கின்றன.

கணினி திறக்கவில்லை என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். விண்டோஸை மறுபடி நிறுவுவது, ஃபார்மட் செய்வது, மீட்பு மென்பொருளைத் தரவிறக்கி அதே டிஸ்கில் வைப்பது, "சரிசெய்யவா" என்று திரை கேட்கும்போதெல்லாம் ஆம் என்று அமுக்குவது எல்லாமே எழுதும் வேலைகள். அழிந்த கோப்பு இருந்த இடத்தின் மேல் வேறொன்று விழுந்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அதைக் கொண்டுவர முடியாது.

முதலில் நகல், பிறகு பழுது. லைவ் யுஎஸ்பியில் கணினியை எழுப்பி, வேண்டியவற்றை வெளி டிஸ்குக்கு மாற்றி, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் பூட் கோளாறில் கைவைக்க வேண்டும். பூட் கோளாறு பத்து நிமிட வேலையாகவே இருக்கலாம். "அதை மட்டும் முடித்துக் கொடுங்கள்" என்று வந்தவர் அவசரப்படுத்தவும் செய்வார். இந்த வரிசையை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை.

லைவ் யுஎஸ்பியை எப்படித் தயாரிப்பது? பக்கத்தில் லினக்ஸ் தெரிந்தவர் யாரும் இல்லை.

8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்றும், நன்றாக ஓடும் வேறொரு கணினியும் தேவை. உபுண்டு அல்லது மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது முழுவதும் அழியும். வேறு யுஎஸ்பி டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிட்டுத்தான் ரூஃபஸைத் திறக்க வேண்டும். தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால் மீட்க வந்த இடத்தில் இன்னொன்றையும் இழப்பீர்கள்.

எழுந்தவுடன் "நிறுவு", "முயன்று பார்" என்று இரண்டு வழிகள் வரும். முயன்று பார்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது நினைவகத்திலிருந்தே ஓடும். நீங்களாகச் சொல்லாத வரை டிஸ்கில் கைவைக்காது.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினரும் விழுப்புரத்தில் ஜிஎன்யு/லினக்ஸ் பயனர் குழுவினரும் இருக்கிறார்கள். லினக்ஸைச் சொல்லிக்கொடுப்பதைப் பொதுப்பணியாகவே செய்து வருபவர்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

லைவ் யுஎஸ்பியில் எழுப்பினேன். விண்டோஸ் டிரைவைத் திறக்க மறுக்கிறது, அல்லது படிக்க மட்டுமே விடுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. அதனால் அந்த டிரைவ் "பயன்பாட்டில் இருக்கிறது" என்ற குறியோடு நிற்கும். அதைப் பார்த்து லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. ஒதுங்குவது உங்கள் நன்மைக்குத்தான்.

நகலெடுக்கப் படிக்கும் அனுமதி போதும். படிக்க மட்டும் என்ற நிலையிலேயே டிரைவை மவுண்ட் செய்து (இணைத்துத் திறந்து), கோப்புகளை வெளி டிஸ்குக்கு இழுத்துக்கொள்ளுங்கள். உறக்கக் கோப்பை நீக்கச் சொல்லியும் என்டிஎஃப்எஸ்-ஃபிக்ஸ் கட்டளையை ஓட்டச் சொல்லியும் இணையத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். நகல் கையில் இல்லாதபோது அவற்றைச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் இன்னும் திறக்கிறதென்றால் வழி எளிது. ரீஸ்டார்ட் கொடுத்தால் அது முழுதாக அணைந்துதான் எழும். அந்த நேரத்தில் லைவ் யுஎஸ்பிக்கு மாறலாம். இரட்டை இயங்குதளம் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக நிறுத்திவிடுவது நல்லது. நிறுத்தினால் கணினி சில விநாடிகள் தாமதமாக எழும், அவ்வளவுதான்.

நீல நிறத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. நான் அப்படி எதையும் பூட்டவே இல்லையே?

நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் தானாகப் பூட்டியிருக்கும். அதன் பெயர் பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்த பல மடிக்கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானே தொடங்கிவிடுகிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் இது இன்னும் அதிகமான கணினிகளில் நடக்கிறது. பிறகு லினக்ஸ் நிறுவுவதற்காக, நம்பகமான துவக்க நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை அணைத்தாலோ, பூட் அமைப்பை மாற்றினாலோ, "யாரோ கைவைத்திருக்கிறார்கள்" என்று சந்தேகப்பட்டு மீட்பு விசையைக் கேட்கும்.

கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து மீட்பு விசைகள் உள்ள பக்கத்துக்குப் போங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விசைகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் விசை அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வரும் ஆய்வு மாணவர்களிடம் நான் கூடுதலாக ஒன்றைக் கேட்பதுண்டு: கணினியை முதலில் அமைத்தபோது சொந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்களா, நிறுவனம் தந்த மின்னஞ்சலையா? நிறுவனத்தின் கணக்கென்றால் விசை அங்குள்ள கணினி நிர்வாகியிடம் இருக்கலாம். விட்டுப்போன நம்பிக்கை இப்படித் திரும்பிவந்தது உண்டு.

விசை கிடைத்துவிட்டால் விண்டோஸ் திறக்காவிட்டாலும் கவலையில்லை. லைவ் உபுண்டுவிலேயே அந்த 48 இலக்கங்களைக் கொடுத்து டிரைவைத் திறந்து நகலெடுக்கலாம். விசை எங்குமே இல்லையென்றால் அந்தத் தரவை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று மட்டும் வந்து நிற்கிறது.

பார்க்கப் பயமுறுத்தும், உள்ளே அத்தனை சிக்கலில்லை. கிரப்பின் முதல் துண்டு எழுந்துவிட்டது; மீதித் துண்டுகள் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியவில்லை. பார்ட்டிஷன்களைக் கூட்டிக் குறைக்கும்போது வரிசை எண் மாறிப்போவது வழக்கமான காரணம்.

அந்தத் திரையில் எல்எஸ் என்று இரண்டெழுத்து அடித்து என்டர் தட்டுங்கள். ஹெச்டி0, அதன் பிறகு ஹெச்டி0 காற்புள்ளி ஜிபிடி1, ஜிபிடி2 என்று அடைப்புக்குறிகளுக்குள் ஒரு வரிசை வரும். ஜிபிடி என்பது புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை; பழைய டிஸ்க் என்றால் அந்த இடத்தில் எம்எஸ்டாஸ் என்று இருக்கும். கிரப் டிஸ்குகளைப் பூஜ்யத்திலிருந்தும் பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்தும் எண்ணும். ஒவ்வொன்றாக, எல்எஸ், ஓர் இடைவெளி, அடைப்புக்குறியோடு அந்தப் பெயர், கடைசியில் ஒரு சாய்கோடு என்று அடித்துப் பாருங்கள். "கோப்பு முறைமை தெரியவில்லை" என்று வந்தால் அடுத்ததற்குப் போங்கள். பூட், ஹோம், யுஎஸ்ஆர் என்ற கோப்புறைப் பெயர்கள் விரிந்தால் அதுதான் உங்கள் லினக்ஸ். அது ஜிபிடி5 என்று வைத்துக்கொள்வோம். செட் கட்டளையால் ரூட் என்பதற்கு அந்தப் பார்ட்டிஷனையும், பிரிஃபிக்ஸ் என்பதற்கு அதனுள் இருக்கும் பூட் கோப்புறையின் கிரப் கோப்புறையையும் கொடுங்கள். பிறகு இன்ஸ்மாட் நார்மல், அடுத்த வரியில் நார்மல். பழகிய பட்டியல் திரை வந்துவிடும்.

இது அன்றைய ஒரு முறைக்கு மட்டும் பலிக்கும். லினக்ஸுக்குள் நுழைந்ததும் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்டினால்தான் நிலைக்கும்.

எல்லாவற்றையும் பார்த்தும் லினக்ஸ் பார்ட்டிஷனே தென்படவில்லையென்றால், அதை யாரோ அழித்திருக்கிறார்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயரில்லாத பார்ட்டிஷன் ஒன்று வீணாகக் கிடப்பதாக நினைத்து அழித்துவிட்டேன். அது லினக்ஸ் இருந்த இடமாம். மீட்க முடியுமா?

அழித்ததோடு நிறுத்திவிட்டீர்களென்றால் பெரும்பாலும் முடியும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை விண்டோஸ் படிப்பதில்லை. அதனால்தான் அது பெயரில்லாத வெற்றிடம்போல் தெரிந்தது. சில சமயம் "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றும் விண்டோஸ் கேட்கும். அந்தப் பெட்டி எப்போது வந்தாலும் கேன்சல் கொடுங்கள். நான் பார்த்த தரவு இழப்புகளில் வைரஸால் வந்ததைவிட அந்தப் பெட்டிக்கு ஆம் சொன்னதால் வந்தவை அதிகம்.

பார்ட்டிஷனை அழித்தால் அட்டவணையில் அதன் தொடக்கமும் அளவும் குறித்த பதிவு மட்டும் போகிறது. உள்ளே இருந்தவை அப்படியே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதையும் நோட்டம் விட்டு, கோப்பு முறைமைகளின் தலைப்புத் தடயங்களை வைத்து அந்தப் பதிவைத் திரும்பக் கண்டுபிடிக்கும். லைவ் உபுண்டுவில் அதை நிறுவி, டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, அட்டவணை வகையை அது சொல்கிறபடியே விட்டுவிட்டு, அனலைஸ், பிறகு குயிக் சர்ச் கொடுங்கள். பட்டியல் வந்ததும் சந்தேகப்படும் வரியில் நின்று பி விசையைத் தட்டுங்கள். கோப்புகளின் பெயர்கள் தெரிந்தால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். தமிழில் பெயரிட்ட கோப்புகள் அந்தத் திரையில் எழுத்து சிதைந்து தெரியலாம். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஏ விசையால் எல்லாவற்றையும் குறித்து, பெரிய சி எழுத்தால் வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். நகல் பத்திரமான பிறகுதான் ரைட் கட்டளை. அட்டவணையில் மீட்ட பதிவை எழுதும் அந்தக் கட்டளையைக் கடைசி வரை கொடுக்காமல் இருந்தாலும் நஷ்டமில்லை.

டிஸ்க் ஜிபிடி வகையாக இருந்தால் இன்னொரு துணை உண்டு. அதன் அட்டவணையின் பிரதி ஒன்று டிஸ்கின் கடைசியில் இருக்கும். முன்னால் உள்ளது சிதைந்துபோயிருந்தால் ஜிடிஸ்க் மென்பொருளால் பின்னால் உள்ளதிலிருந்து மீட்கலாம். நீங்களே முறைப்படி பார்ட்டிஷனை அழித்திருந்தால் இரண்டு இடத்திலும் மாறியிருக்கும். அப்போது டெஸ்ட்டிஸ்க்தான் வழி.

பார்ட்டிஷன் கிடைக்காமல் போனாலோ, மேலே ஃபார்மட் ஆகியிருந்தாலோ ஃபோட்டோரெக் இருக்கிறது. அது கோப்பு முறைமையைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கும். 480-க்கும் மேற்பட்ட வகைகளை அறியும். ஆனால் பெயரும் கோப்புறை அமைப்பும் வராது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கில் வந்து குவியும். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த புகைப்படக் கலைஞர் ஒருவருக்குத் திருமணப் படங்களை இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவைக்கும் தேதியை வைத்து வரிசைப்படுத்தினோம். முகூர்த்தம் எது, வரவேற்பு எது என்று பிரிந்துவிட்டது. காணொளிகளில் பாதி உடைந்தே வந்தன. பெரிய கோப்புகள் டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால் ஃபோட்டோரெக்கால் அவற்றை ஒட்டவைக்க முடிவதில்லை.

பார்ட்டிஷன் இருக்கிறது, ஒரு கோப்புறையை மட்டும் நிரந்தரமாக அழித்துவிட்டேன்.

விண்டோஸ் பக்கத்தில் அழித்திருந்தால் வாய்ப்பு கூடுதல். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் பதிவை "காலி" என்று குறிக்கிறதே தவிர உடனே துடைப்பதில்லை; டெஸ்ட்டிஸ்கின் அன்டிலீட் வழியில் பெயரோடு கிடைக்கும். எக்ஸ்ட்4 அப்படியில்லை. கோப்பின் துண்டுகள் எங்கெங்கே இருந்தன என்ற குறிப்பையே அழிக்கும்போது துடைத்துவிடுகிறது. அங்கே ஃபோட்டோரெக்கை நம்ப வேண்டியதுதான்.

எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டில்லாத டிஸ்காக) இருந்தாலும் இதெல்லாம் பொருந்துமா?

ஓரளவுக்கு. பூட் கோளாறுக்கு முழுவதும் பொருந்தும். அட்டவணைப் பதிவு மட்டும் போயிருந்தாலும் நல்ல வாய்ப்பு உண்டு. அழித்த கோப்பு என்றால் நிலைமை கடினம். ட்ரிம் என்ற கட்டளையின் மூலம் "இந்த இடங்கள் இனி தேவையில்லை" என்று இயங்குதளம் எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டியும் அவற்றைக் காலி செய்துவிடும். விண்டோஸ் கோப்பை அழித்த கையோடு சொல்லிவிடும். உபுண்டு வழக்கமாக வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகச் சொல்லும். ஆகவே உபுண்டு பக்கத்தில் அழித்ததை உடனே உணர்ந்தால், அந்த வாராந்திர வேலை ஓடுவதற்குள் கணினியை அணைத்துவிடுவதில் பொருள் உண்டு. ஃபார்மட் செய்த எஸ்எஸ்டியில் நான் யாருக்கும் நம்பிக்கை கொடுப்பதில்லை.

டிஸ்கிலிருந்து "டக் டக்" என்று சத்தம் வருகிறது.

உடனே அணையுங்கள். மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். தூசியில்லாத அறை உள்ள மீட்பு ஆய்வகத்துக்குத்தான் அது போக வேண்டும். சென்னைக்கு அனுப்புவதே வழி. செலவு அதிகம் என்பதால், அதில் இருப்பது அந்தச் செலவுக்குத் தகுமா என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

சத்தமில்லாமல் ஆங்காங்கே படிக்க முடியாமல் நின்றால், டிடிரெஸ்க்யூ மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் வேறொரு நல்ல டிஸ்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்ட வேண்டும். அது சுலபமாகப் படிக்கக் கிடைக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு வரும். வரைபடக் கோப்பு ஒன்றைக் கேட்கும், மறக்காமல் கொடுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வெள்ளத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கணினி நனைந்துவிட்டது. உலர்த்திவிட்டுப் போட்டுப் பார்க்கலாமா?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இது பழக்கமான துயரம். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணை கரையோரம் மூழ்கிய வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு சேறு படிந்த கணினிகள் வருகின்றன.

மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டி மட்டும் இருந்தால் அதைத் தனியே எடுத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, முழுதாக உலர்ந்த பிறகு வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்கலாம். பல நேரம் பிழைத்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க் வேறு ரகம். சாதாரண ஹார்ட் டிஸ்கில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தச் சிறு துளை ஒன்று இருக்கும். மூழ்கினால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ உலர்த்தினால் சேறும் உப்பும் தட்டின் மேல் ஒட்டி இறுகிவிடும். ஈரத்தோடேயே ஒரு பையில் இட்டு மூடி ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் சரி. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டாம்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, லினக்ஸைத் திறந்தால் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்றும் ஏதோ பெரும் தவறு நேர்ந்துவிட்டது என்றும் சொல்லி அணைந்துவிடுகிறது.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் இதைச் செய்தது. பழுதுள்ள பழைய கிரப் பதிப்புகளைச் செக்யூர் பூட் ஏற்காதபடி தடுப்பது அதன் நோக்கம். லினக்ஸும் சேர்ந்துள்ள கணினிகளை விட்டுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், பலவற்றில் அப்படி நடக்கவில்லை. தரவுக்கு ஒரு சேதமும் இல்லை.

பிட்லாக்கர் விசையை முதலில் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடியில் அதைக் கேட்கும். பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையால், அந்தத் தடையைப் போடும் எஸ்பேட் கொள்கையை நீக்கி, ஒரு முறை மறுதொடக்கம் செய்து, லினக்ஸை முழுதாகப் புதுப்பித்த பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் இயக்குங்கள். அணைத்தபடியே விட்டுவிடாதீர்கள்.

மேசைக்கணினி. யாரும் எதையும் தொடவில்லை. நேற்று ஓடியது, இன்று இரண்டு இயங்குதளமும் திறக்கவில்லை.

முதலில் பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் போய் வந்ததும் பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்து, பூட் வரிசையையும் டிஸ்க் இயங்கும் முறையையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோயிருக்கும். முன்பு ஏஹெச்சிஐ முறையில் இருந்தது ரெய்டு முறைக்கு மாறியிருந்தாலே விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், லினக்ஸுக்கு டிஸ்க் தெரியாமல் போகலாம். நாணய அளவுள்ள அந்தப் பேட்டரியை மாற்றி, பழைய அமைப்பைத் திருப்பி வைத்தால் எல்லாம் திரும்பிவிடும். இதைப் பார்க்காமல் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லப்பட்டு வந்த கணினிகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

லினக்ஸ் திறக்கிறது, கிரப் பட்டியலில் விண்டோஸ் மட்டும் இல்லை.

கிரப் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் வழக்கமாக அணைந்தே இருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, அப்டேட்-கிரப் கொடுங்கள்.

விண்டோஸின் துவக்கக் கோப்புகளே கெட்டிருந்தால்?

விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியில் எழுப்பி, ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பலிக்காவிட்டால் ஷிஃப்ட், எஃப்10 அமுக்கிக் கட்டளைத் திரையில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் துவக்கக் கோப்புகளை மறுபடி எழுதலாம். அங்கே சி டிரைவுக்கு வேறு எழுத்து விழுந்திருக்கலாம். உள்ளே விண்டோஸ் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி பரணில் கிடக்கிறது. படங்களை எடுக்க முடியுமா?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வந்த கணினிகளில் விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. இந்த மாவட்டத்தில் பல வீடுகளுக்கு முதல் கணினியே அதுதான். இரட்டை இயங்குதளத்தை நம் பிள்ளைகள் முதலில் பார்த்ததும் அதில்தான். இடம் வேண்டுமென்று பாஸ் லினக்ஸை அழித்து, கிரப் ரெஸ்க்யூவில் மாட்டி, மூடி வைத்தவை பல. திருகுகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்கை எடுத்து, சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளில் செருகி, ஓடும் கணினியில் இணைத்தால் போதும். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் கேன்சல்.

கடையில் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

"இதில் இரண்டு இயங்குதளம் இருக்கிறது, தரவு வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கடைப் பையனிடமிருந்து மெக்கானிக்கிடம் போய்ச் சேராது. "சி டிரைவை மட்டும்தான் போடுவோம், டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், லினக்ஸ் எங்கே இருக்கிறது என்று அவரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரிடம் கொடுக்க வேண்டாம். எந்தக் கோப்புறை, என்ன பெயர், எந்த மென்பொருளில் செய்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எங்களுக்குப் பேருதவி. கடைக்காரர்கள் பலர் டாலி கணக்கைச் சொல்ல மறந்துவிட்டு, படங்களை மட்டும் கேட்டு வாங்கிப் போய், மாதக் கடைசியில் ஓடிவருகிறார்கள்.

மீட்டுவிட்டோம். பழைய டிஸ்கை உடனே ஃபார்மட் செய்து பயன்படுத்தலாமா?

கொஞ்ச நாள் பொறுங்கள். மீட்ட கோப்புகளைப் பெயரை மட்டும் பார்த்து எண்ணாமல் திறந்து பாருங்கள். படம் பாதியில் சாம்பல் நிறமாக இருக்கலாம், ஆவணம் திறந்து வெறும் குறியீடுகளாக நிற்கலாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அது சிதைவில்லை, எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும். வீட்டில் ஒவ்வொருவரும் தத்தம் கோப்புகளைப் பார்த்து முடித்து, இரண்டாவது நகல் ஒன்றும் வேறொரு டிஸ்கில் ஏறிய பிறகு, பழைய டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதென்றால் அதில் இனி எதையும் வைக்காதீர்கள். நன்றாக இருந்தால் ஃபார்மட் செய்து பேக்கப் டிஸ்காக வைத்துக்கொள்ளலாம்.